மூன்றாவது வளைவில் ஈரம்

பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுகிறேன். நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்ததைத் தங்கச்சி சொன்னாள். வலது மணிக்கட்டில் இரண்டு தகடு, ஒன்பது திருகு என்றாள். என் கடையில் தேடினால்கூட ஒரே அளவில் ஒன்பது திருகு கிடைக்காது. பெரிய ஆள்தான் நீங்கள்.

போனில் பேசிவிடலாம். ஆனால் பிசியோதெரபி அம்மா உங்களைத் தினம் ஒரு பக்கம் கையால் எழுதச் சொன்னாராம், யாருக்கு எழுதுவது என்று நீங்கள் முழித்தீர்களாம். எனக்கே எழுதுங்கள். நான் டயர் மேல் சாக்பீஸால் அளவு எழுதுவதைத் தவிர வேறு எழுதி இருபது வருஷம் ஆகிறது. என் எழுத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தைரியம் வரும், அடிபடாத கையே இவ்வளவுதானா என்று.

ரேஸ் டிராக்கில் விழுந்த உங்கள் பைக் என் கிடங்கில்தான் இருக்கிறது. லாரி டயர்களுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஹேண்டில் வளைந்திருக்கிறது, வலது பக்கம் டேங்க் நசுங்கியிருக்கிறது. மற்றபடி ஓடும். யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நினைத்தால் சிரிப்பு வருகிறது. விழுவதற்கு முந்தின நாள் என் கடை வாசலில் நீங்கள் செய்த கூத்து! டிராக்கில் ஓட்டும் வண்டியில், இன்ஜின் சூடாகாமல் இருக்க ரேடியேட்டரில் ஊற்றும் அந்தப் பச்சைக் கூலன்ட் இருக்கக்கூடாது, கீழே சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், தண்ணீர் என்றால் சூட்டில் காய்ந்துவிடும், அதனால் வெறும் தண்ணீர்தான் என்று விதி. சரி. எல்லோரும் ரேடியேட்டரை ஒரு தடவை கழுவுவார்கள். நீங்கள் மூன்று தடவை. கடைசியாக வந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தீர்கள். "குடிக்கப் போறீங்களா மாப்பிள்ளை?" என்று நான் கேட்டதற்கு, "பச்சை தெரியுதான்னு பாருங்க மச்சான்" என்றீர்கள். பல் செட் செய்கிறவர் புத்தி எங்கே போகும்!

விழுவது சகஜம். அங்கே போட்டியா, பரிசா? இருபது நிமிஷம் ஆசை தீர ஓட்டத்தானே போனோம். மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். ஜூனில் அடுத்தது இருக்கிறதாம். தங்கச்சியிடம் இப்போது வாயைத் திறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


பிப்ரவரி 17

அன்புள்ள மச்சானுக்கு,

இந்த ஒரு பக்கம் எழுத எனக்கு மூன்று நாள் ஆகிறது. கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேனாவைச் சுற்றி ஸ்பாஞ்ச் கட்டித் தந்திருக்கிறார்கள். விரல்கள் மடங்குகின்றன, மணிக்கட்டு மட்டும் திரும்பவில்லை. என்றைக்கு ஒரு பாட்டில் மூடியை நானே திருகித் திறக்கிறேனோ அன்றைக்குத்தான் பயிற்சி முடியும் என்கிறார் அந்த அம்மா. மேசை மேல் ஒரு ஜாம் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காலையும் மாலையும் நானும் அதுவும் முறைத்துக்கொண்டிருக்கிறோம்.

டிராக் நடத்துகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது வளைவில் ரோட்டில் கூலன்ட் கிடந்ததாம். விழுந்து கிடந்தது என் வண்டி என்பதால் ஒழுகியதும் என் வண்டி என்று எழுதிவிட்டார்கள். விதியை மீறிக் கூலன்ட்டோடு வந்தேன், பின்னால் வந்த பதினோரு பேர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினேன், அதனால் ஒரு வருஷம் அங்கே நுழையக்கூடாது.

தடை பரவாயில்லை மச்சான். ஆனால் நான் மூன்று தடவை கழுவினேன் அல்லவா? நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? டம்ளரில் பச்சை தெரியவில்லை அல்லவா?

அன்று நான் எந்த வித்தையும் காட்டவில்லை. "என் பின்னாலேயே வாங்க, நான் போற கோட்டை விட்டு நகராதீங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் பின் டயரை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன். நான்கு சுற்று அவ்வளவு நன்றாக இருந்தது. முழங்கால் ரோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் போகிறது, பயமே இல்லை. ஐந்தாவது சுற்றில் கீழே கிடந்தேன். நடுவில் என்ன நடந்தது என்று ஒன்றுமே ஞாபகம் இல்லை.

உங்கள் தங்கச்சி அந்தக் கடிதத்தைப் படித்தாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "கவனமா இருப்பேன்னு சொல்லித்தானே போனீங்க" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் சாப்பிட வாங்க, மாத்திரை போடுங்க, அவ்வளவுதான் பேச்சு.

ஒரே ஒரு உதவி. கிடங்குக்குப் போய் என் வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது தண்ணீரா, பச்சையா, நிறைய இருக்கிறதா, குறைந்திருக்கிறதா? நீங்கள் சொன்னால் போதும், நான் தூங்குவேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாகத்தான் இருக்கிறது, வெட்கமாகப் போயிற்று.

கேட்டீர்களே என்று திறந்து பார்த்தேன். காலி. எல்லாம் வெளியே போய்விட்டது போலிருக்கிறது, ஒரு சொட்டு இல்லை. அதை வைத்து என்ன சொல்ல முடியும்? எவ்வளவு கழுவினாலும் குழாய் மடிப்பில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். மனுஷன் கையால் செய்கிற வேலைதானே. நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள்? விடுங்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

கடையில் வேலை அதிகம். புதிதாக ஒரு வீல் அலைன்மென்ட் மெஷின் வந்திருக்கிறது. அது வந்ததிலிருந்து ஊரில் ஒரு வண்டியும் நேராக ஓடவில்லை என்று தெரிகிறது. தங்கச்சிக்கு ஒரு பெட்டி பழம் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு ரப்பர் பந்து இரண்டு, பிசைவதற்கு. டயர் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்தது. பிசையும்போது அவனை நினைத்துக்கொண்டு பிசையுங்கள், பலம் தானாக வரும்.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 20

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும்.

காலி என்று நீங்கள் எழுதிய பிறகு எனக்குக் குழப்பம் தீர்ந்தது. ஒழுகியது என் வண்டிதான். நான் கழுவிய லட்சணம் அதுதான். டம்ளரில் எனக்குப் பச்சை தெரியவில்லை என்றால் என் கண்ணும் சரியில்லை.

பல் செட் செய்யும் லேபில் பாதி நேர வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மெழுகில் பல் செதுக்குவது இப்போதைக்கு ஆகாது, மாவு கரைத்து அச்சு ஊற்றும் வேலை மட்டும். அதைக்கூட என்னால் முடிக்க முடியவில்லை மச்சான். கை காரணம் இல்லை. ஒரு அச்சை ஊற்றிவிட்டு, தண்ணீர் அளவு சரிதானா என்று சந்தேகம். உடைத்துவிட்டு மறுபடி ஊற்றுகிறேன். போன வாரம் ஒரு பெரியவரின் அச்சை ஐந்து தடவை உடைத்தேன். முதலாளி வந்து, "என்னங்க, அவருக்குப் பல்லு வேணுமா வேண்டாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்தொன்பது வருஷத்தில் என் கையிலிருந்து போன ஒரு செட்கூடத் திரும்பி வந்ததில்லை. இப்போது எதை எடுத்தாலும் அந்த டம்ளர்தான் கண் முன்னால் நிற்கிறது. மூன்று தடவை கழுவியும் விட்டவன், அடுத்தவர் வாயில் வைக்கிற பொருளைச் செய்யலாமா?

மாத முடிவோடு நின்றுவிடுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். டிராக்காரர்களுக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பதினோரு பேரில் யாராவது விழுந்து செத்திருந்தால் நான் என்ன பதில் சொல்வேன்? திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும்.

வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். பார்க்க வேண்டாம் என்று இருக்கிறது.

உங்கள் தங்கச்சி இப்போதெல்லாம் நான் அடுப்பை அணைத்த பிறகும் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறாள். எனக்குத் தெரியாமல்தான் போகிறாள்.

நீங்கள் மட்டும்தான் ஆறுதலாக எழுதுகிறீர்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 22

மாப்பிள்ளைக்கு,

இதோடு உங்கள் வண்டியும் வேனில் வருகிறது. முதலில் கடிதத்தை முழுக்கப் படியுங்கள். அந்த மன்னிப்புக் கடிதத்தைத் தபாலில் சேர்க்காதீர்கள்.

உங்கள் ரேடியேட்டரை நான் திறந்து பார்க்கவில்லை. காலி என்று எழுதியது பொய். தார்ப்பாயைக்கூட விலக்கவில்லை. திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் திறக்கவில்லை.

ஒழுகியது என் வண்டி.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூன்று தடவை கழுவிக்கொண்டிருந்தபோது நான் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன் இல்லையா? "உங்க வண்டிக்கு?" என்று கேட்டீர்கள். "காலையிலேயே மாத்திட்டேன்" என்றேன். மாற்றவில்லை. புதுக் கூலன்ட் ஊற்றிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, திங்கட்கிழமை மறுபடி மாற்றி, யார் மெனக்கெடுவது என்று இருந்தது. டிராக்கில் வண்டியைச் சோதிக்கிறவன், ரேடியேட்டருக்குப் பக்கத்தில் அதோடு சேர்ந்திருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் எட்டிப் பார்ப்பான், ரேடியேட்டர் மூடியைத் திறக்கமாட்டான் என்று போன தடவையே பார்த்து வைத்திருந்தேன். பாட்டிலை மட்டும் கழுவித் தண்ணீர் ஊற்றினேன். அவன் எட்டிப் பார்த்தான், தட்டிக்கொடுத்தான், ஸ்டிக்கர் ஒட்டினான். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். தெருவோரம் பஞ்சர் ஒட்ட ஆரம்பித்த நாளிலிருந்து நான் இப்படித்தான் மாப்பிள்ளை. எவன் எங்கே பார்ப்பான் என்று தெரிந்து, அங்கே மட்டும் சுத்தமாக வைப்பேன். அதுதான் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

ஐந்தாவது சுற்றில் உங்களைப் பின்னால் காணோம். சிவப்புக் கொடி காட்டினார்கள். வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி இறங்கினேன். என் வலது பூட்ஸ் நனைந்திருந்தது. பச்சை. ரேடியேட்டர் குழாயின் கிளிப் தளர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. "என் கோட்டை விட்டு நகராதீங்க" என்று சொன்னவன் நான். நீங்களும் நகரவில்லை.

உங்களை ஸ்ட்ரெச்சரில் தூக்குகிறார்கள் என்று யாரோ கத்தினார்கள். நான் ஓடி வந்தேன் என்றுதானே தங்கச்சி நினைத்துக்கொண்டிருக்கிறாள்? நான் முதலில் பூட்ஸைத் துடைத்தேன். அப்புறம் குழாயைத் துடைத்தேன். கிளிப்பை முறுக்கினேன். அதற்கப்புறம்தான் ஓடி வந்தேன். கண் விழித்ததும் நீங்கள் என்ன கேட்டீர்கள் தெரியுமா? "மச்சான், நீங்க விழலியே?" என்றீர்கள்.

அன்றே சொல்லியிருக்கலாம். தங்கச்சி முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அப்புறம் டிராக்காரன் உங்கள் பெயரை எழுதினான். என் தலை தப்பியது என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகவே இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், இருந்தது. நீங்கள் ஐந்து தடவை அச்சை உடைத்ததைப் படித்த பிறகுதான் என்னால் கடையில் உட்கார முடியவில்லை. கை ஒடிந்தால் தகடு வைக்கலாம். இதற்கு எங்கே போய்த் தகடு வாங்குவேன்?

டிராக்காரர்களுக்கு இன்று காலை நேரில் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். சோதித்த ஆளும் அங்கே இருந்தான். "உங்களை மாதிரி ஆளுங்கதான் சார் கொல்றீங்க" என்றான். வாங்கிக்கொண்டேன். தங்கச்சிக்குத் தனியாக எழுதவில்லை. இதையே அவளிடம் காட்டுங்கள்.

வேலையை விடாதீர்கள். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரு வரியாவது எழுதுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 3

மச்சானுக்கு,

வண்டி வந்து சேர்ந்தது. உங்கள் கடிதமும்.

உங்கள் தங்கச்சி அதை வாசலில் நின்றபடியே படித்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. படித்து முடித்துவிட்டு என் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், நீங்கள் அனுப்பிய ரப்பர் பந்து இரண்டையும் ஒரு பையில் போட்டு வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டாள். அவர் திருப்பிக் கொடுத்திருப்பார்.

கிளிப் தளர்வது யாருக்கும் நடக்கும். கூலன்ட்டைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். திறந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று உங்களைத்தான் கேட்டேன். வேறு யாரையும் கேட்கவில்லை. காலி என்று எழுதினீர்கள். அதோடு ஒரு பெட்டி பழமும் அனுப்பினீர்கள். அதை நானும் சாப்பிட்டேன். அங்கேதான் நிற்கிறது மச்சான், அதைத் தாண்டி என்னால் வர முடியவில்லை.

வேலையை விடவில்லை. நேற்று ஒரு அச்சு ஊற்றினேன். உடைக்கவில்லை.

மணிக்கட்டு இப்போது திரும்புகிறது. பயிற்சி முடிந்தது, இனிமேல் தினம் எழுத வேண்டியதில்லை என்று பிசியோதெரபி அம்மா சொல்லிவிட்டார். அதனால் இதுதான் கடைசிக் கடிதம்.

ஜாம் பாட்டிலை நான் திறக்கவில்லை. வண்டி வந்த அன்று சாயங்காலம், உங்கள் தங்கச்சி பக்கத்தில் நிற்க, ரேடியேட்டர் மூடியைத்தான் திறந்தேன். வலது கையால், நானே. வலித்தது. திறந்துவிட்டது.

கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. ஒரு டம்ளர் கொண்டுவரச் சொல்லி, கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன்.

தண்ணீர்.

மாப்பிள்ளை