மெத்தையைப் பிரிக்காதே என்றது ஏன்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப்பிள்ளையும் நலம் என்று உன் கையெழுத்தில் பார்க்கும்வரை என் நலத்தில் பாதியைக் கழித்துக்கொள். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தானே. போன வாரம் போனில், அம்மா அனுப்பிய மெத்தைப் பார்சலைப் பிரிக்காதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் அம்மா நின்றாள். எழுதுவது எளிது என்று நினைத்தேன், இது மூன்றாவது தாள்.

பட்டறையில் எனக்கு அடுத்த உலையில் நிற்கிற, ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடுகிறவனை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் ஆடி நாற்காலியை உடைத்தவன். அவன் மகளுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு இரத்தத்தில் ஈயம் என்றாராம். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குவது நாங்கள், பட்டறை வாசலைக்கூடப் பார்க்காத பிள்ளைக்கு அது எப்படிப் போகும்? வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போவீர்களா என்று கேட்டிருக்கிறார். பின்னே சட்டையில்லாமலா போவாங்க என்று இவன் சிரித்திருக்கிறான். பிள்ளை எதில் படுக்கிறாள் என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் பழைய வேலைச் சட்டைகளை அடுக்கித் தைத்த மெத்தை. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்டது, பிள்ளைக்கு உறுத்தாது என்று அவன் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தவள் உன் அம்மாதான். அன்றிலிருந்து அவள் ஊசியைத் தொடவில்லை, என்னிடமும் சரியாகப் பேசுவதில்லை.

உனக்கு வந்திருப்பது என் ஆறு சட்டைகள். எத்தனை துவைத்தாலும் ஈயத் தூசி தையலுக்குள் தங்குமாம். உதறாதே, எரிக்காதே, கட்டியபடியே வெளியே வை, எப்படி ஒழிப்பது என்று டாக்டரிடம் கேள். பட்டறையில் நாற்பது பேருக்கு ஒரே குழாய், மணி அடித்துப் பத்து நிமிடத்தில் பஸ் போய்விடும், யார் கழுவினோம்? குளியலறை வேண்டும், சட்டையை அங்கேயே துவைக்க ஏற்பாடு வேண்டும் என்று எல்லோருமாகப் போய் முதலாளியிடம் நின்றோம். முப்பது வருஷமா யாரும் கேக்கலையே என்றார். அது எனக்குச் சுருக்கென்றது.

இதை எழுதத்தான் இரண்டு தாளைக் கிழித்தேன். நீயும் ஆறு வயதுவரை அப்படிப்பட்ட மெத்தையில்தான் படுத்தாய். வாசலில் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாய், கை கழுவாமலே தூக்குவேன். சின்ன வயதில் உடம்புக்குள் போன ஈயம் எலும்பில் உட்கார்ந்துகொள்ளுமாம், கர்ப்பகாலத்தில் கரைந்து பிள்ளைக்கும் போகலாமாம். எல்லோருக்கும் அப்படி ஆகாது, பயப்படாதே என்றார் டாக்டரம்மா. நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். ஏழாம் வாய்ப்பாடு மனதில் நிற்கவில்லை என்று உன் காதைத் திருகியிருக்கிறேன். அது சோம்பல்தானா, ஈயம் செய்த வேலையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. மன்னித்துவிடு, கண்ணு.

நீயும் பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. உடனே உன் இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல். அப்பாவுக்குப் பேட்டரிக் கடை என்று உன் கல்யாணத்தின்போது சம்பந்தி வீட்டில் சொன்னோமே, அந்தப் பொய்யை டாக்டரிடமும் சொல்லிவிடாதே. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, என் அப்பா ஈயம் உருக்குகிறவர் என்று உரக்கச் சொல்.

இப்படிக்கு,
வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற
உன் அப்பா