துரைசானியின் வண்ணத்துப்பூச்சிகள்

இன்று தபாலில் ஒரு கல்யாண அழைப்பிதழ் வந்தது. மூலையில் உன் வண்ணத்துப்பூச்சி. கீழ்ச்சிறகில் நீ வேண்டுமென்றே வெட்டிய கிழிசலோடு அப்படியே இருக்கிறது. கண்டவன் கல்யாணத்துக்கெல்லாம் உன் கையெழுத்தை அச்சடிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பன்வில தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எழுதிய புத்தகத்துக்கு நீ மரக்கட்டையில் படம் வெட்டினாய். கண்டி அச்சகத்தில் உன் பக்கத்தில் நின்று நான் எழுத்துக் கோத்தேன். படத்தின் அடியில் உன் பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு முதலாளி சொன்னது நினைவிருக்கிறதா? "கட்டை வெட்டுறவனுக்குப் பேரு போட்டா, நாளைக்குக் காகிதம் அறுக்கிறவனும் கேப்பான்."

"பேரு வேணாம்னா பூச்சி இருக்கட்டும்டா," என்றாய் நீ. "அச்சுல நேரா விழணும்னா பேர எடம் வலம் மாத்தி வெட்டணும். பூச்சிக்கு அந்தத் தொல்லையே இல்ல." ஆனால் இரு சிறகும் ஒன்றுபோல இருந்தால் எவன் பூச்சி என்று யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் அந்தக் கிழிசல். மழைப் படத்தில் உன் பூச்சி சிறகை மூடி உட்கார்ந்திருக்கும். கொழுந்து பறிக்கும் படத்தில் கூடை விளிம்பில் நிற்கும்.

துரையின் மனைவி, துரைசானி, பார்த்துச் சொக்கிப்போனாள். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் தனியாக ஒன்று வேண்டுமென்று சொல்லியனுப்பினாள். உனக்குத் தலைகால் புரியவில்லை. "என் கையெழுத்தக் கேட்டு வாங்குறாங்கடா!" என்று அம்பிட்டியவில் நீ குடியிருந்த அறையில் சோறு தண்ணீர் மறந்து வெட்டினாய்.

புத்தகம் வந்தது. முன்னுரையில் துரை எழுதியிருந்தார்: "வண்ணத்துப்பூச்சிகள் என் மனைவியின் கைவண்ணம்." ஆங்கிலத்தில் இருந்ததை நான்தான் வாசித்து உனக்குத் தமிழில் சொன்னேன். நீ சிரித்தாய். ஐயோ, அந்தச் சிரிப்பு! நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அதற்குப் பிறகு நீ ஒரு பூச்சியும் வெட்டவில்லை. வெட்டிய சின்னக் கட்டைகள் அச்சகத்தோடு தங்கிவிட்டன.

மலேரியாக் காய்ச்சல் ஊரை வாரிய வருஷத்தில் நீயும் போனாய். முதலாளி மாலையோடு வந்தார். "தொரசானி வரைஞ்சு குடுத்த பூச்சிய அச்சு அசலா வெட்டின கை," என்று எல்லாருக்கும் கேட்க உருகினார்.

"அது அவன் கையெழுத்து!" என்று எழுந்து கத்தினேன்.

உன் மனைவி ஓடிவந்து என்னைத் தடுத்தாள். "விடுங்கண்ணே. சவப்பெட்டி மொதலாளிதான் வாங்கிக் குடுத்திருக்காங்க."

மறுபடி உட்கார்ந்தேன். உன்னைத் தூக்கும்போது முதலாளியும் நானும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தோம். உன்னைக் குழியில் இறக்கி வைத்தாயிற்று. கோபத்தைத்தான் இறக்க முடியவில்லை. நீ படாமல் விட்டுப்போன கோபம் அது. உனக்காக நான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.