பெர்மெத் வாயால் சொல்ல முடியாத பிரிண்டர்

அனுப்புநர்:
எர்மெக் ஜூசுபோவ்,
கணினி ஆசிரியர், நடுநிலைப் பள்ளி,
கோக்-புலாக், கிர்கிஸ்தான்.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
வட்டார மருத்துவமனை, கோக்-புலாக்.

பொருள்: பிரிண்டர்களுக்கும் பிரிண்ட் சர்வர்களுக்கும் இடத்தைக் காட்டும் பெயர் வைக்கவும், ஆய்வக ஊழியர் பெர்மெத்தின் பணிநீக்கத்தை ரத்து செய்யவும் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற திங்களன்று ஆய்வகத்தில் அச்சாகியிருக்க வேண்டிய என் சளிப் பரிசோதனை முடிவு, பதிவுக்கூடத்து பிரிண்டரில் வந்து விழுந்தது. எழுத்தர் அதைத் தூக்கிப் பிடித்து, "ஜூசுபோவ் யாருப்பா? காசநோயாம்!" என்று கூவினார். கூடம் நிறைய என் மாணவர்களின் பெற்றோர். "வாத்தியாரே, கொஞ்சம் தள்ளியே நில்லுங்க" என்றார் ஒரு தாய். மறுநாள் விடுப்புக் கடிதம் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். என் நாற்காலி வெளியே பனியில் கிடந்தது.

2. இதற்காகப் பெர்மெத்தை நீக்கியிருக்கிறீர்கள். பாதிக்கப்பட்டவன் நான். என் பெயரைச் சொல்லி எடுத்த இந்த நடவடிக்கையை நான் ஏற்கவில்லை.

3. ஆய்வகத்து பிரிண்டருக்கு முன்னாள் கிடங்கு அதிகாரியின் பெயரை வைத்தீர்கள்: 'கல்முராத்'. அதைப் பதிவுக்கூடத்துக்கு மாற்றியபோது பெயரை மாற்றவில்லை. ஆய்வகத்துக்கு வந்த புதியது 'கல்முராத்-2' ஆனது. மருமகள் வாயால் சொல்லக்கூடாத பெர்மெத்தின் மாமனார் பெயரும் கல்முராத். ஆய்வகத்துக்கு வேறு கணினி வந்த அன்று, எந்த பிரிண்டரை இணைப்பது என்று கணினிப் பிரிவு ரசூல் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். "எங்க பெரியவர் பேருல இருக்கே, அதுதான்" என்றார் பெர்மெத். "பேரைச் சொன்னா பெரியவர் உதைப்பாரா மருமகளே?" என்று சிரித்துவிட்டு, ரசூல் முதலில் கண்ணில் பட்ட 'கல்முராத்'தை, அதாவது பதிவுக்கூடத்தில் இருந்ததை, இணைத்தார்.

4. விசாரணையில் சாட்சியாக நானும் இருந்தேன். "எந்த பிரிண்டரைக் கேட்டீர்கள்?" என்றபோது பெர்மெத் தரையைப் பார்த்தார். 'பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள். கேள்வி கேட்டவர்கள் எல்லோர் வீட்டிலும் மருமகள்கள் உண்டு. மாமனார் பெயரை அந்தப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அன்று வீடு என்ன பாடுபடும் என்று அவர்களுக்குத் தெரியாதா? எனக்கு இந்த வழக்கம் பிடிக்காது. ஆனால் வீட்டில் அதைக் கட்டாயமாக்கிவிட்டு, அலுவலகத்தில் அதற்கே வேலையைப் பறிப்பது அயோக்கியத்தனம்.

5. பிரிண்டர் யாருக்கும் நினைவுச்சின்னம் அல்ல. கட்டடம், மாடி, அறை, பயன் என்ற வரிசையில் பெயர் வையுங்கள்: 'பிரதானம்-2-14-ஆய்வகம்'. அதே பெயரை இயந்திரத்தின் மேலும் ஒட்டுங்கள். இயந்திரம் நகர்ந்தால் பெயரும் மாறட்டும். பிரிண்டர்களுக்கு அச்சு வேலையை அனுப்பும் சர்வருக்கும் அது எந்தக் கட்டடத்துக்கு வேலை செய்கிறதோ அந்தப் பெயர் போதும். இன்று உங்களிடம் 'புது சர்வர்' என்று இருப்பதுதான் மிகப் பழையது. அச்சு நின்றால் எதைப் பார்ப்பது என்று ரசூலுக்கே தெரிவதில்லை.

என் நோய் மருந்தில் தீரும். பெர்மெத்துக்குப் போன வேலை உங்கள் கையெழுத்தில்தான் திரும்பும். அவரை அழையுங்கள். அவர் சொல்லக்கூடிய ஒரு பெயரை அந்த இயந்திரத்துக்கு வைத்துவிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். பதில் வரும்.

இடம்: கோக்-புலாக்
நாள்: பிப்ரவரி 19

நீதி கேட்டு,
(ஒப்பம்) எர்மெக் ஜூசுபோவ்