என் பேருக்காரர்கள்

மார்ச் 4

என்னப்பா நோட்டு, சௌக்கியமா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மகளுக்கு ஒன்பதாம் மாதம். பையன் பிறந்தால் என் பேரை வை என்றேன். லேசுப்பட்ட பேரா? தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு கதவு திறக்கும். சரித்திரத்துக்குள் நின்று கூப்பிட்டால் நாற்பது! மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்பிய ராஜா, உலகைச் சுற்றப் போன மாலுமி, அரசனைப் பழித்துப் பாடிய புலவன் — எல்லாரும் என் பேருக்காரர்கள். அந்த மாலுமியின் கப்பலில் ஒரு பூனை இருந்ததாம்... சரி, அது வேறு கதை.

எல்லாம் கேட்டுவிட்டு மகள் சொன்னாள்: "இவங்கள்ல யாராவது கிழவனாகி, கட்டில்ல படுத்துச் செத்தாங்களாப்பா?"

ராஜாவுக்கு விஷம். மாலுமிக்குக் கடல். புலவனுக்குத் தூக்கு.

முதல் பிள்ளையைப் பத்து நாள்கூட மடியில் வைத்துப் பார்க்காதவள். "புகழ் வேண்டாம்பா. இது தங்கினாப் போதும்."

மார்ச் 5

உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது. நின்றால் நடக்க.

மார்ச் 7

என் பேரில் கிழவனாகிச் செத்தவன் யாராவது உண்டா என்று முடிவெட்டுகிறவரிடம் கேட்டேன். "உங்க பேர்ல ஒரு தளபதி இருந்தாருண்ணே, பெரிய ஆளு!"

"எத்தனை வயசுல போனாரு?"

"இருபத்தொம்போது."

பாதி முகத்துச் சோப்போடு எழுந்துவிட்டேன். "உக்காருங்கண்ணே, கையில கத்தி இருக்கு. அடுத்த ஆளு நீங்களாயிடப் போறீங்க!"

மார்ச் 8

வாத்தியாரும் கைவிரித்தார். "சும்மா நூறு வயசு வாழ்ந்தவனப் பத்தி யாருய்யா எழுதி வெப்பான்?"

மார்ச் 10

நானே ஒருத்தனை உண்டாக்கினேன். என் பேரில் ஒரு தோட்டக்காரன், வயது தொண்ணூறு.

"என்ன செஞ்சாரு?" என்றாள் மகள்.

தண்ணீர் ஊற்றினான்.

"அப்புறம்?"

சாப்பிட்டான். தூங்கினான். ஒரு புலியையாவது கொண்டுவர நாக்கு துடிக்கிறது. வந்தால் ஆளை அடித்துவிடுமே! கடைசியில் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இவரு பொய்தானேப்பா?"

ஆமா, பொய்தான். என்ன பண்றது? வேற யாரும் கெடைக்கலையே.

மார்ச் 19

பையன். அழுகை தெருமுனை வரை கேட்டது. பேரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஏப்ரல் 6

இன்று ஆடு வாங்கப் போனதை எழுத உட்கார்ந்தேன். அந்த ஆடு இருக்கிறதே, அதற்கு ஒரு கண் —

உள்ளே மகள் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பெற்ற அப்பனைப் பேர் சொல்லியா? எட்டிப் பார்த்தேன். தொட்டில் மேல் குனிந்திருக்கிறாள். "எந்திரிச்சிட்டியா? பசிக்குதா என் கிழவனுக்கு?"

கண்ணாடி பனித்துவிட்டது. துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆடு, ஆமாம், அதற்கு ஒரு கண் —

"அப்பா! இவனக் கொஞ்சம் தூக்குங்க!"

இதோ வந்துட்டேம்மா, இந்த ஒரு வரிய மட்டும்