படியேறி வந்தவர்கள்

ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்று சொல்லாதது: "ஏறி வந்தவர்களை மட்டும்தானே எண்ணினோம், சேர்."

வெயில். வாவிப் பக்கமிருந்தும் காற்றே இல்லை. நகர சுகாதாரப் பிரிவின் சமத்துவத் திட்டக் கூட்டம். திட்ட உதவியாளர் என்பதால் கணக்கை வாசித்தது நான். கீழ்த்தளத்தில் திருத்தவேலை நடந்த மாதங்களில் புண்ணுக்கு மருந்து கட்டும் கிளினிக் மாடியில். நடக்க முடியாதவர்களைக் கணக்கெடுத்ததும் அங்கேதான், மாடிப்படியின் உச்சியில் மேசை போட்டு.

பிரிவுத் தலைவர் சேர்: "இவ்வளவு பேர்தானே. மறுகா என்னத்துக்குக் கீழ ஒரு கிளினிக்? மாடியிலயே கிடக்கட்டும். கீழ மருந்துக் களஞ்சியத்தப் போடுவம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் வாய் திறந்தால், "அக்காவுக்காகக் கதைக்கிறா" என்பார்கள். அக்காவை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

தேநீர், ரோல்ஸ். முழுதாகச் சாப்பிட்டேன்.

15, புதன்

பின்னேரம் மழை. கொடியில் துணியெல்லாம் ஈரம்.

அக்கா தையல் மெசினில். செயற்கைக் கால் சுவரோரம். சின்ன வயதில் ஷெல் பட்டு, முழங்காலுக்குக் கீழே போனது. வெட்டிய காலின் மிச்சத்தில் இப்போது செயற்கைக் கால் உரசிய புண். கிளினிக் மாடிக்குப் போனதிலிருந்து மருந்து கட்டப் போகவில்லை.

"என்னகா, கூட்டம் எப்பிடி?" அக்கா கேட்டாள்.

சொன்னேன்.

"அப்ப மேல ஏறாத நாங்கெல்லாம் சுகமாயிட்டம் எண்டு எழுதினியா?" சிரித்தாள். "நீ என்ன சொன்ன?"

"ஒண்டுமில்ல."

"ரோல்ஸ் தந்திருப்பாங்களே. ஒண்டு கொண்டு வந்திருக்கலாமேகா."

வாங்க: கறுப்பு நூல், பஞ்சு, பிளாஸ்டர்.

22, புதன்

கூட்டக் குறிப்பு ஒப்பத்துக்கு வந்தது. ஆட்சேபம் எவருக்கும் இல்லை என்று இருந்தது. ஒப்பமிட்டேன். பிறகு மேசையைத் துடைத்தேன்.

27, திங்கள்

அக்காவுக்குக் காய்ச்சல். புண்ணில் நாற்றம். ஓட்டோவில் கிளினிக். சிற்றூழியர் இருவர் அவளைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்துத் தூக்கினார்கள். நடுப்படியில் கதிரை சாய்ந்தது.

"இறக்குங்க தம்பி!"

"பயப்புடாதீங்கக்கா, சிமெந்து மூட்டையே தூக்கிறம்."

"அதுதானே பயம்."

இறக்கினார்கள். மேலே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த கிழமை பார்ப்பம், வீட்ட போவம் என்றாள். ஓம் என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

விடாத மழை. புண் எலும்பு வரை போய்விட்டதாம், பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நேற்று அக்காவின் முழங்காலையும் எடுத்தார்கள்.