மூடி முறுக்கும்போது நீ பாடியது

பூ உலர்த்துகிற பெரிய டப்பாவைப் போன மாதம் திறந்தேன். தேங்காய் எண்ணெயும் பிச்சிப்பூவும் கலந்த உன் தலை வாசம் குப்பென்று வந்தது. நீ போன பிறகு அந்த டப்பாவை நான் தொட்டதே இல்லை. ரெசினில் வார்க்கத் தருகிற கல்யாண மாலைகளை உலர்த்தத்தான் அதை எடுப்போம். நீ இல்லாமல் மாலை வேலை எதையும் நான் ஏற்கவில்லை. ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா மணிகளை விரலால் விலக்கினேன். அடியில் ஒரு சாண் பிச்சிச் சரம் கிடந்தது. வெள்ளை போய்ப் பழுப்பேறியிருந்தது, ஆனால் ஒரு பூவும் உதிரவில்லை. நாரில் உன் தலைமுடி ஒன்று சிக்கியிருந்தது. மேலே சாயம் பூசிய கறுப்பு, அடியில் நரை.

அதை நீ வைத்த நாள் எனக்குத் தெரியும். வயிற்று வலிக்கு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுக்கக் கிளம்பிய காலையில், கொட்டாரத்தில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நம் பட்டறைக்கு ஒரு எட்டு வந்தாய். ஆஸ்பத்திரிக்குப் பூ எதற்கு என்று தலையிலிருந்து உருவி டப்பாவுக்குள் போட்டாய். "இது காஞ்சா எப்படி இருக்கும்ணு வந்து பாப்போம், கேட்டியா" என்றாய். எதைக் கண்டாலும் உலர்த்திப் பார்ப்பது உன் வழக்கம் என்பதால் நானும் பெரிதாக நினைக்கவில்லை. நீ திரும்பி வந்து பார்க்கவில்லை.

உன் மகள் ஜெனியைக் கூப்பிட்டுச் சொன்னேன். நாம் கூடப் பிறக்காவிட்டாலும் நான் அவளுக்குச் சித்திதான். அவள் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போக விசா வந்திருந்த நேரம். ஓடி வந்தவள் டப்பாவுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவே இல்லை. பிறகு, "சித்தி, இத ரெசின்ல வார்த்துத் தாருங்க. கைல பிடிச்சிக்கிடுத மாதிரி கட்டியா. நான் கொண்டு போறேன்" என்றாள். "செரி மக்கா" என்று சொல்லிவிட்டேன். அவள் ஸ்கூட்டர் தெரு திரும்பியதும் ஏன் ஒப்புக்கொண்டோம் என்று எனக்குப் பயம் பிடித்தது.

பயப்படாமல் என்ன செய்வேன்? மெல்லிய கீ செயின் என்றால் கண்ணாடிபோல இறுகுகிற ரெசினை ஊற்றி, மேலே லைட்டர் தீயை ஓட்டினால் குமிழி எல்லாம் உடைந்துபோகும். நீ போன பிறகு நான் செய்ததெல்லாம் அதுதான். கன்னியாகுமரிக் கலர் மணல் போட்ட கீ செயின், கிளிஞ்சல் போட்ட கீ செயின். தடித்த கட்டிக்குள் பூ என்றால் தீ உதவாது. ஒவ்வொரு இதழும் கொஞ்சம் காற்றை ஒளித்து வைத்திருக்கும். அது மேலே வருகிற வழியில் மாட்டிக்கொண்டு அங்கேயே உறைந்துவிடும். அதற்குப் பிரஷர் பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரத்தை நான் ஒருநாளும் தனியாக மூடியதில்லை. வார்ப்பு கெட்டால் இறுகிய ரெசினிலிருந்து பூவைத் திரும்ப எடுக்கவும் முடியாது. தோவாளைப் பூச்சந்தைக்குப் போனால் வேறு பிச்சி கிடைக்கும், உன் தலையில் இருந்தது கிடைக்குமா?

நம் முதல் மாலை நினைவிருக்கிறதா? மார்த்தாண்டத்துக் கல்யாணப் பெண்ணின் அம்மா கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதென்ன, பூவ சோடாவுல முக்கி வச்சிருக்கியளா?" என்று கேட்டாள். நான் அன்றைக்கே எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிடலாம் என்றேன். நீ மஸ்கட்டில் பெயிண்டராக இருந்த உன் வீட்டுக்காரரை வீடியோவில் கூப்பிட்டாய். ஸ்பிரே அடிப்பதற்குக் காற்றடைத்து வைக்கிற பெயிண்ட் டேங்கை இதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணன்தான் சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. பிரியாணி அண்டா போல ஒன்று. கனத்த மூடி, மூடியைச் சுற்றி ஆறு திருகு, முள் ஆடுகிற ஒரு மீட்டர், காற்றைத் திறந்துவிட ஒரு வால்வு. பார்த்த மாத்திரத்திலேயே எனக்கு அதைப் பிடிக்கவில்லை.

"காத்த உள்ள அடிச்சா குமிழி எங்கட்டி போவும்?" என்று கேட்டேன்.

"எங்கயும் போவாதுட்டி. உள்ளதான் கெடக்கும். நம்ம கண்ணுல படாத அளவுக்கு நசுங்கிக் கெடக்கும். ரெசின் இறுகுத வரைக்கும் அமுக்கிப் பிடிக்கணும், அவ்வளவுதான்" என்றாய்.

நீ திருகுகளை வரிசையாக முறுக்கமாட்டாய். ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பது. அப்போதுதான் மூடி ஒரு பக்கம் சாயாமல் உட்காரும். முறுக்கும்போது மூக்காலேயே ஒரு ராகம் இழுப்பாய். சர்ச்சில் பாடுகிற ஏதோ ஒன்று, வார்த்தையே இருக்காது. கம்ப்ரசர் தடதடவென்று ஓட, முள் ஏற ஏற உன் ராகமும் ஏறும். அதற்குள் நான் சப்போட்டா மரத்துக்குப் பின்னால் போயிருப்பேன். வால்வை அடைத்துவிட்டு நீ கூப்பிடுவாய்: "ஏட்டி வெப்ராளம், வெளிய வா. ஒண்ணும் வெடிக்கல." என் பெயரே உனக்கு மறந்துபோயிற்று என்று நினைக்கிறேன். பதற்றத்துக்கு உங்கள் அருமனைப் பக்கத்தில் சொல்கிற சொல்லை என் தலையில் கட்டி, கடைசிவரை அதையே வைத்துக் கூப்பிட்டாய். அடுக்களை வாசலில் நின்று இதைப் பார்க்கும் என் வீட்டுக்காரர், "அவளப் பாரு, ஒரு பயமும் இல்லாம பாட்டுப் பாடிக்கிட்டே செய்யுதா. நீயும் இருக்கியே" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவர் சொல்வது சரிதான் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை நீ தம்பி வீட்டுக்குப் போயிருந்த நாளில், உள்ளே என்ன ஆயிற்றோ என்று பொறுக்கமுடியாமல் காற்றைத் திறந்துவிட்டு மரத்துக்குப் பின்னால் ஓடி, சத்தம் அடங்கியதும் வந்து மூடியைத் தூக்கினேன். இறுகாத ரெசினுக்குள் என் கண் முன்னாலேயே குமிழிகள் உலைபோல எழும்பி வந்தன. நீ வந்து பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அமுக்குன கைய எடுத்தா எழும்பி வராம என்ன செய்யும்?" என்றாய். நல்லவேளை, அந்தக் கல்யாண மாலையில் மிச்சப் பூ இருந்தது. அன்று சாயங்காலமே உன் நெயில்பாலிஷை எடுத்து மீட்டர் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டாய். "முள்ளு இதுக்குக் கீழ போனா மட்டும் நீ வெப்ராளப்படு. மேல நிக்குத வரைக்கும் போய் சோறு பொங்கு."

உன் சரத்தில் மிச்சப் பூ கிடையாது. ஒரு காலையில் வேலையைத் தொடங்கினேன். மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பூவுக்கும் ரெசின் தடவினேன். முடியையும் நாரோடு அப்படியே விட்டேன். குமிழி கிளம்பாமல் பையப் பையக் கலக்கி, அச்சின் ஓரமாக நூல்போல ஊற்றினேன். பாத்திரத்துக்குள் இறக்கி மூடியை வைத்தேன். முதல் திருகு, அதற்கு எதிர்த் திருகு. வாஷர் சரியாக உட்கார்ந்ததா என்று மூடியை எடுத்துப் பார்த்து, திரும்ப முதலிலிருந்து. கம்ப்ரசரைப் போட்டேன். முள் ஏறியது. வால்வை அடைத்துவிட்டு வழக்கம்போல சப்போட்டா மரத்துக்குப் பின்னால் ஓடினேன். அங்கே நின்ற பிறகுதான் உறைத்தது, வெளியே வா என்று கூப்பிட ஆள் இல்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பிறகு நானே வந்தேன்.

மத்தியானத்துக்குள் முள் இறங்க ஆரம்பித்தது. சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தேன். வால்வு வந்து சேரும் இடத்தில் பொடிப்பொடியாக நுரை கட்டியது. உள்ளே காற்று இருக்கும்போது எதையும் முறுக்கவோ தளர்த்தவோ கூடாது என்பது உன் சட்டம். முள் இறங்க இறங்கக் கம்ப்ரசரைப் போட்டுச் சரிக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து மழை பிடித்தது. வழக்கம்போலக் கரண்டும் போயிற்று. கம்ப்ரசர் நின்றது. முள் நிற்கவில்லை.

ஜெனி மழைக்கோட்டும் சொட்டுகிற தண்ணீருமாக வந்து சேர்ந்தபோது நான் சோப்பு நுரைக் கையோடு மீட்டரைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன சித்தி, எதாவது பிரச்சினையா?"

"காத்து கசியுது மக்கா. ரெசின் இன்னும் இறுகல. மழைக் குளிருல இறுக நேரம் எடுக்கும். அதுக்குள்ள காத்து இறங்கிட்டுண்ணா..." முள்ளைக் காட்டினேன்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முள் உன் சிவப்புக் கோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. "தொறந்து பாப்போமா? கெட்டுட்டுண்ணா பூவயாவது எடுத்துரலாம்லா?" என்றாள். அதே எண்ணம்தான் எனக்கும் காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்தது. கை வால்வு வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருந்தது. ஆனாலும் என் வாயிலிருந்து உன் பேச்சுதான் வந்தது. "வேண்டாம். தொறந்தா உறுதியா கெடும். கோடு வரைக்கும் இருப்போம்."

மழைச் சத்தத்துக்கு நடுவில் ஒரு ராகம் கேட்டது. உன் ராகம். திரும்பிப் பார்த்தால் ஜெனிதான், முழங்காலைக் கட்டிக்கொண்டு மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தாள். தான் பாடுவது அவளுக்கே தெரியவில்லை.

"அம்மாவ மாதிரியே பாடுதியே மக்கா" என்றேன். "அவளும் இதுக்க முன்னால நின்னு இப்படித்தான், சந்தோசமா பாடிக்கிட்டே..."

ஜெனி பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சந்தோசமாவா? சித்தி, அம்மாவுக்கு பயம் வந்தாத்தான், பேடிச்சாத்தான் பாட்டு வரும். எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எனக்கு டெங்கு வந்தப்பம் கட்டிலுக்குப் பக்கத்துல இருந்து பாடிக்கிட்டே இருந்தா. ஸ்கேனுக்கு உள்ள தள்ளிட்டுப் போனப்பம்கூட பாடிக்கிட்டுதான் போனா. பாட்டுச் சத்தம் கேட்டா நானும் அப்பாவும் பேசாம இருப்போம்."

நான் பாத்திரத்தைக் காட்டினேன். "இதுக்குமா?"

"இதுக்குத்தான் ரொம்ப. இங்க வருததுக்கு முன்னால காப்பிகூட எறங்காது. வெடிச்சிருமோண்ணு கெடந்து உருகுவா. சித்திக்கிட்ட மட்டும் சொல்லிராதண்ணு சொல்லுவா. நானும் பேடிச்சேண்ணு தெரிஞ்சா அவ பட்டறையப் பூட்டிட்டு வீட்டுல போய் இருந்துருவாண்ணு."

இத்தனை வருடம் நீ அந்த மூடியில் கை வைத்து நின்றாய், நான் மரத்துக்குப் பின்னால் நின்றேன். இரண்டு பேருக்கும் ஒரே பேடிதான் இருந்திருக்கிறது. உன் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பக்கத்தில் வந்து நின்றிருக்கமாட்டேனா? நின்றிருப்பேன் என்று இப்போது சொல்வது எளிது. பட்டறையைப் பூட்டியிருப்பேன் என்று நீ நினைத்ததும் தப்பில்லை. உன் வயிற்று வலியையும் இப்படித்தானே அமுக்கி வைத்திருந்தாய்.

முள் கோட்டைத் தொட்டபடி நின்ற நேரத்தில் கரண்டு வந்தது. ஜெனி துள்ளி எழுந்து கம்ப்ரசரைப் போட்டாள். அதன்பிறகு கரண்டு போகவில்லை.

மறுநாள் காலையில் வால்வைப் பையத் திறந்தேன். காற்று வெளியேறுகிற சீற்றம் பக்கத்தில் நின்று கேட்டால் அத்தனை நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. எப்போதும் மரத்துக்குப் பின்னால் நின்றல்லவா கேட்டிருக்கிறேன். அச்சிலிருந்து கட்டியை உரித்து ஜெனி கையில் கொடுத்தேன். பழுப்புப் பூக்கள் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் ஒளி ஊடுருவி நின்றன. உன் முடி அடி நரைவரைக்கும் தெரிந்தது. மொபைல் வெளிச்சத்தை வைத்து எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் குமிழி தேடினேன். இல்லை என்று சொல்லமாட்டேன், கண்ணில் ஒன்றும் படவில்லை. ஜெனி கட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "வாசம் வரல்ல சித்தி" என்றாள். "அது டப்பாவுல இருக்கு மக்கா. நான் தொறக்காம வச்சிருக்கேன்" என்றேன்.

அவள் அயர்லாந்துக்குப் போய்விட்டாள். யூனிஃபார்ம் பையில் அதைப் போட்டுக்கொண்டுதான் டியூட்டிக்குப் போகிறாளாம். வால்வுக்குப் புது வாஷர் மாற்றிவிட்டேன். இந்த வாரம் ஒரு கல்யாண மாலை வந்திருக்கிறது, ஏற்றுக்கொண்டேன். உலர்த்த வேறு டப்பா வாங்கியாயிற்று.

இன்று காலை மூடியைப் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு திருகு, அதற்கு எதிர்த் திருகு. காலைக் காப்பி இறங்காமல் அப்படியே ஆறிக் கிடந்தது. கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. வால்வை அடைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அடுக்களை வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பரவால்லயே, பாட்டெல்லாம் வருது. பயம் தெளிஞ்சிட்டு போல?"

நான் பாடியது அப்போதுதான் எனக்கே கேட்டது. மூடியிலிருந்து கையை எடுக்காமல், "ஆமா" என்றேன்.