மூன்று சிவப்பு அம்புகள்

அணைக்கட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பாரதிக்கு,

அம்மா எழுதுகிறேன். கோயம்புத்தூரில் நீ சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஆம்பூரில் அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போடுகிறார்.

திடீரென்று கடிதமா என்று பயந்துவிடாதே. என் ஓயாத தலைவலிக்காக அஃப்ஸர் ஜஹான் அக்கா என்னை இந்த மலையடிவாரத்து இயற்கை வைத்திய நிலையத்துக்கு இழுத்து வந்திருக்கிறார். ஷூ கம்பெனியில் என் பக்கத்து மேசைக்காரர்தான், உனக்குத் தெரியுமே. பத்து நாள். காலையில் மண் பூச்சு, மதியம் உப்பில்லாத சாப்பாடு. வந்த அன்றே போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். நீ கூப்பிட்டால் தெரியாமல் போய்விடுமே என்று இரண்டு நாள் தவித்தேன். எட்டு மாதமாக வராத போன் இந்தப் பத்து நாளிலா வந்துவிடப் போகிறது என்று பிறகு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மாலையில் படம் வரையச் சொல்கிறார்கள். நானாவது, படமாவது என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். அக்கா ஓர் ஆடு வரைந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவள், என்னை அறியாமல் கைப்பையைத் திறந்தேன். தோலில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட செக்கிங்கில் ஒட்டுவோமே, அந்தச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். ஆட்டின் காலில் ஒன்று, காதில் ஒன்று ஒட்டிவிட்டேன். "இன்னா அமிர்தா, என் ஆட்டையும் ரிஜெக்ட் பண்ணிட்டியா?" என்று அக்கா கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது.

தையல் கற்கப் போன நீ, முதன்முதலாக எனக்கென்று தைத்து, பொங்கலுக்கு எடுத்து வந்த ரவிக்கை. அதில் மூன்று அம்பு ஒட்டி உன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேனே. இருபத்திரண்டு வருஷம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். எடுத்துச் சொன்னால் தேறுவாய் என்றுதான் நினைத்தேன். நீ அதை மடித்து எடுத்துக்கொண்டு அன்று மாலையே பஸ் ஏறிவிட்டாய்.

மறுநாள் அந்த ரவிக்கையைத்தான் வரைந்தேன். தப்பு மூன்றும்தான் நினைவில் இருக்கும் என்று உட்கார்ந்தேன். கிளிப்பச்சை நிறம், கையில் நீ வைத்த மாங்காய்க் கரை, எனக்குத் தோள்வலி என்று அக்குளில் கொஞ்சம் தளர்த்தி விட்டிருந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன் பாரதி. சொல்லத்தான் இல்லை.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான் வரைந்த முதல் படம். வரைந்த இரண்டு மணி நேரமும் தலைவலி எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. மீதி ஸ்டிக்கரையும் வைத்திருக்கிறேன். படத்தில் வேண்டிய இடத்தில் ஒட்டி, நீயே எடுத்துக்கொண்டு வா. அந்த ரவிக்கையையும் கொண்டு வா. பிரித்துத் திருத்தாதே. அப்படியே போட்டுக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு கண்ணு. உன் கைவேலை ஓங்கட்டும்.

உன் வருகைக்காக வழி பார்த்திருக்கும்,
அம்மா அமிர்தவள்ளி